பெரியாயியின் கையும் வெளுத்த முட்டைகளும்

பெரியாயியை முதலில் சந்தேகப்பட்டவன் நான் அல்ல. ஆனால் அந்தச் சந்தேகத்தை எழுத்தில் வைத்தவன் நான்தான். அவள் காய்ச்சலில் இறந்து இன்று பதினோரு நாள் ஆகிறது. போன ஞாயிறு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் அவளைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். இறந்தவர்களைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். ஏழு வருடத்துக்கு முன் அவர்களில் பாதிப் பேர் அவள் கையைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் என்ன எழுதினேன் என்பதும் தெரியும். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நமுனுகுல மலையின் பதுளைப் பக்கச் சரிவில், தோட்டத்தின் கடைசி லயத்துக்கும் கீழே, ஒரு காலத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோர் யந்திரத்துக்காகத் தண்ணீர் தேக்கிய அணை ஒன்று இருந்தது. யந்திரம் நின்றுபோய்ப் பல வருடம். 1980இல் அந்த இடத்தில் மீன் குஞ்சு பொரிக்கும் சிறு நிலையமொன்றை அமைத்தார்கள். மூன்று குளம், நாலு சீமெந்துத் தொட்டி, இரண்டு தகரக் கொட்டகை, ஒரு நுணுக்குக்காட்டி. கல்லூரியில் விலங்கியல் படித்தவன் என்பதால் பதுளை நகரத்து முஸ்லிமான என்னை அதற்குப் பொறுப்பாகப் போட்டார்கள். தோட்டம் இரண்டு தொழிலாளரைத் தந்தது. ஒருவன் கணபதி, வலை வீசத் தெரிந்தவன், வாயும் நீளம். மற்றவள் பெரியாயி.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். பதினான்கு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள்.

“அவளுக்குப் புள்ளகுட்டி தொந்தரவு இல்லீங்க. விடியக் காலையில எப்ப கூப்பிட்டாலும் வந்துருவா” என்றார் அவளை அனுப்பிய கங்காணி. நல்லதற்குச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை என்று புருஷன் அவளை விட்டுவிட்டு, ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றில் வேறொருத்தியோடு போய் இருந்துகொண்டான். லயத்தில் அடைக்கோழிக்கு முட்டை வைக்கும்போது இவளைக் கூப்பிடமாட்டார்கள். பாகல் விதை ஊன்றுகிற இடத்துக்கு இவள் வந்தால் கையை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். அவளும் பழகிக்கொண்டு, யாரும் சொல்வதற்கு முன்பே தூரப் போய் நின்றுகொள்வாள்.

குளத்தில் மட்டும் அவள் தூர நிற்கவில்லை. அங்கே அவளை விரட்ட யாருமில்லை.

நாங்கள் வளர்த்தது புல் கெண்டை. ஓடுகிற பெரிய ஆற்றில், வெள்ளம் வரும் காலத்தில் முட்டையிடுகிற மீன் அது. குளத்தில் அதன் வயிறு முட்டையால் நிறையும், ஆனால் இடாது. நின்றுவிடும். உண்மையில் நிற்பது மீன் அல்ல, முட்டை. ஒவ்வொரு முட்டைக்கலமும் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் தன் நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, முதல் கட்டத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மீனின் மூளைக்கு அடியிலிருக்கும் கபச்சுரப்பி ஓமோனை விட்டால்தான் மறுபடி அசையும். நடுவிலிருக்கும் கரு ஓரத்துக்கு நகரும், அதன் சுவர் கரையும், முதல் பிரிவு முடியும். உடனே இரண்டாவது பிரிவின் நடுவில் இன்னொரு முறை நின்றுவிடும். அந்த இரண்டாவது நிறுத்தத்தில் அது காத்திருப்பது ஆண் விந்துக்காக.

குளத்து மீனுக்கு ஆற்று வெள்ளம் வராது. அதனால் வேறு மீன்களின் கபச்சுரப்பியைச் சிறு குப்பியில் கொழும்பிலிருந்து அனுப்புவார்கள். அதை அரைத்து ஊசியில் ஏற்றுவோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மறுநாள் விடியும் நேரத்தில் முட்டை இறங்கும்.

எந்த மீன் ஊசிக்குத் தயார் என்று பார்க்க, நான் மெல்லிய குழாயை விட்டு நாலைந்து முட்டை எடுத்து, ஒரு திரவத்தில் தெளிய வைத்து, கரு எங்கே இருக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன். பெரியாயி வயிற்றைத் தொட்டே சொல்வாள். “இது இன்னும் ஆகலீங்க, கல்லு மாதிரி இருக்கு. அந்தா அது ஆயிருச்சு” என்பாள். பத்தில் எட்டு முறை அவள் சொன்னதையே நுணுக்குக்காட்டியும் சொன்னது. கொழுந்தைத் தொட்டே பதம் பார்த்த விரல்கள். மீனும் அவள் கையில் அவ்வளவாகத் துள்ளாது. ஆகவே முட்டை பிதுக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன்.

1981 சித்திரை மாதம். அந்தப் பருவத்துக்கு ஐந்து தாய்மீன்கள் இருந்தன.

முதல் மீனுக்கு ஊசி போட்டு, விடியக் காலையில் எடுத்தோம். நான் தலையைப் பிடித்துச் சரித்துக்கொள்ள, அவள் வயிற்றை மேலிருந்து கீழாக வழித்தாள். பேசினில் முட்டைகள் ரவைக் கஞ்சி போல இறங்கின. கணபதி ஆண் மீனைப் பிடித்துவர, அதன் விந்தைச் சேர்த்து, கோழி இறகால் கலக்கினோம். அதன் பிறகுதான் தண்ணீர். இதுதான் முறை. “பேசினில் ஈரம் இருக்கக் கூடாது” என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு எதற்கு என்று நினைத்திருப்பேன்.

அந்த முறை பாதி முட்டை பொரித்தது. பாதி வெளுத்துச் செத்தது. புதிய இடத்தில் பாதி என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். கணபதிக்கு அந்த மற்றப் பாதி உறுத்தியது.

“பாதி ஏன் செத்துச்சு ஐயா?”

“அப்படித்தான் ஆகும். எல்லாம் பொரிக்காது.”

“அது சரிங்க. ஆனா யாரு கை பட்டதுன்னும் பாக்கணும்ல.”

நான் அவனை அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். அவன் பேச்சு அதற்குள் லயத்துக்குப் போய்விட்டது.

இரண்டாவது மீனின் முட்டைகள் தொட்டியில் நன்றாக விரிந்தன. கண்ணாடி மணி போல இருந்தன. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வந்து பார்த்தால், தொட்டி முழுவதும் வெள்ளை. ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்றாவது மீனும் அப்படியே. காலையில் மணிமணியாக இருந்தது, பின்னேரம் சோற்றுப் பருக்கை போல் வெளுத்தது.

மலடி கை என்ற பேச்சை நான் நம்பவில்லை. படித்தவன் எப்படி நம்புவது? அதனால் அவள்மீது வேறொரு சந்தேகத்தைத் தேடினேன்.

தேடியதும் கிடைத்தது. முதல் முறை சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்தவள் இப்போது வாயே திறப்பதில்லை. மீனை எடுக்கும் முன் ஏதோ சாக்குச் சொல்லிக் கொட்டகைக்குப் பின்னால் போய்வந்தாள். நான் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது முறை வெளுத்த அன்று, பேசினின் விளிம்பில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தேன். மீன் வாடைதான் வந்தது. தோட்டத்துக் களஞ்சியத்தில் கந்தகத் தூள் மூட்டை மூட்டையாக இருப்பது நினைவுக்கு வந்தது. அதுவும் மஞ்சள்.

கணபதி பக்கத்தில் வந்து நின்றான். “இடுப்புல ஒரு டப்பா சொருகி வச்சிருக்கா, பாத்திருக்கீங்களா ஐயா? கேட்டா முறைக்கிறா.”

“நீ பார்த்தாயா?”

“நான் பாக்காததையா சொல்றேன்?”

அன்று பின்னேரமே தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதினேன். இங்கிலீஷில். இந்தப் பெண் முட்டைகளில் ஏதோ கலக்கிறாள் என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு, இவளுக்குப் பதில் வேறொருவரைத் தரவும் என்று. மலடி என்ற சொல் அதில் இல்லை. அதனால் என் கடிதம் லயத்துப் பேச்சைவிட உயர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அப்படி ஒரு கடிதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமலில்லை. விஷம் கலந்தவள் என்று பெயர் வந்தால் மலையில் கொழுந்தெடுக்கும் வேலையும் நிலைக்காது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பெரியாயிக்குப் போக வேறிடம் இல்லை. தாய் தகப்பன் இல்லை. புருஷன் இருந்தும் இல்லை.

பதில் வருவதற்கு முன்பே நாலாவது மீன் தயாராகிவிட்டது. இந்த முறை அவளைக் கையோடு பிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கொட்டகைத் தகரத்தில் ஆணி போன ஓட்டை ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்து நின்றேன். அவள் பின்பக்கம் வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். இடுப்பிலிருந்து பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, எதையோ உள்ளங்கையில் ஊற்றி, முழங்கைவரை தடவினாள். கோழி இறகையும் டப்பாவுக்குள் விட்டு எடுத்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி உள்ளே வந்தாள்.

நான் ஒன்றும் தெரியாதவன் போல மீனின் தலையைப் பிடித்தேன். அவள் வழித்தாள். முட்டை இறங்கியது. இறகைப் பேசினுக்குள் விட்டாள். அப்போதுதான் சத்தம் போட்டேன்.

“டப்பாவை எடு!”

அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். “எந்த டப்பாங்க?”

“இடுப்பில் இருக்கிற டப்பா.”

ஆண் மீனோடு வாசலில் நின்ற கணபதி, “நான் அப்பவே சொன்னேங்கல்ல” என்றான்.

“நீ சும்மா இருண்ணே! வலையப் புடிக்கிற மாதிரி வாயையும் கொஞ்சம் புடிச்சுக்க” என்றாள் பெரியாயி. டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். திறந்து பார்த்தேன். மஞ்சள் நிறத் தண்ணீர்.

“என்ன இது?”

“மஞ்சத் தண்ணிங்க. மாரியம்மன் கோயில் பூசாரிகிட்ட வாங்கினது.”

“எதற்கு?”

“எங் கைக்கு.”

அவளே சொன்னாள். “பீலிக்குத் தண்ணி புடிக்கப் போனா எங் காதுபடவே பேசுறாங்க ஐயா. எங் கை பட்டுத்தான் மீன் முட்டை வெளுக்குதாம். மொத தடவ பாதி செத்துச்சுல்லீங்களா? அன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க. அதான் ரெண்டாவது தடவையிலருந்து மஞ்சத் தண்ணியில கழுவிட்டுத் தொடுறேன். எறகையும் நனைச்சுக்கிட்டேன். அப்பவும் வெளுக்குது. பாதியா இருந்தது முழுசாவே வெளுக்குது. அப்ப அவங்க சொல்றது நெசந்தானுங்களே?”

“கையைத் துடைக்கவில்லையா?”

“கோயில் தண்ணியத் தொடச்சா பலன் போயிரும்ங்க. தானா காயணும்.”

என் கையிலிருந்த மீன் துள்ளியது. அதன் வயிற்றில் இன்னும் ஒரு கைப்பிடி முட்டை இருந்தது. பேசினில் இருந்தவை அதற்குள் வீணாகிப் போயிருந்தன. அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் கையைத் துணியால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மிச்ச முட்டையை இரண்டு கோப்பைத் தட்டில் பாதி பாதியாக வழித்தேன். ஒரு தட்டில் விந்தை முதலில் விட்டுக் கலக்கி, பிறகு தண்ணீர் விட்டேன். மற்றதில் முதலில் வெறும் தண்ணீர், மஞ்சள்கூட இல்லை. இருநூறு எண்ணச் சொன்னேன். அவள் எண்ணி முடித்ததும் விந்தை விட்டேன்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே ஐயா இருக்கு?” என்றாள்.

“பின்னேரம் பார்.”

பின்னேரம் ஒன்று கண்ணாடியாக இருந்தது. மற்றது வெளுத்துக் கிடந்தது. அவள் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தட்டை நான் மாற்றி வைத்திருப்பேனோ என்று அவள் சந்தேகப்பட்டது முகத்தில் தெரிந்தது.

நுணுக்குக்காட்டியில் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருந்தது. முட்டையின் தோலில் ஊசி முனையளவு ஒரு துளை உண்டு. விந்து உள்ளே போக அது ஒன்றுதான் வழி. மீன் வயிற்றிலிருந்து வெளியே வரும்போது முட்டை அந்த இரண்டாவது நிறுத்தத்தில் நிற்கிறது. விந்து நுழைந்தால் அது விழித்துக்கொண்டு, மிச்சமிருந்த பிரிவை முடித்து, வேண்டாத பங்கை வெளியே தள்ளி, தோலை விரித்துத் துளையை அடைத்துவிடும். பின்னால் வருகிற எதுவும் நுழைய முடியாது. ஆனால் இந்த மீனின் முட்டைக்கு ஒரு பலவீனம். வெறும் தண்ணீர் பட்டாலே, யாரோ வந்துவிட்டார்கள் என்று எண்ணி விரிந்துவிடும், துளையையும் அடைத்துக்கொள்ளும். பார்க்கக் கருக்கட்டியது போலவே இருக்கும். உள்ளே யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இது நம்ம பெரட்டு மாதிரிங்களா ஐயா? காலையில பேர் கூப்பிடுற வரைக்கும் அப்புடியே நிப்போம். கூப்பிட்டாத்தான் மலைக்குப் போவோம்.”

“ஆமாம். இதற்கு இரண்டு பெரட்டு. முதல் பெரட்டில் கூப்பிடுவது ஊசி. இரண்டாவதில் கூப்பிடுவது விந்து.”

“நான் தண்ணிய ஊத்திப் பொய்ப் பேரு கூப்பிட்டுட்டேன்.”

“நீ மட்டும் அல்ல. ஈரம் ஏன் கூடாது என்று நான் உனக்குச் சொல்லவில்லை. பேசினைச் சொன்னேன், கையைச் சொல்லவில்லை.”

விந்தையும் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு துளி வைத்துத் தண்ணீர் விட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கொதிப்பது போல் துடித்து அடங்கியது.

“இது அசையாமலே கெடந்தா?”

“அப்போதும் முட்டை வெளுக்கும்.”

“அந்த ஆம்பள மீனுக்கும் லயத்துல ஒரு பேரு வச்சிருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, கணபதி பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவன் வலையை உதறுவது போல வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை துரையின் பதில் வந்தது. பெரியாயி வியாழனிலிருந்து மலைக்குத் திரும்ப வேண்டும். சனிக்கிழமை, முட்டையில் விஷம் கலந்தது பற்றி அலுவலகத்தில் விசாரணை. விஷம் என்ற சொல்லை நான் எழுதவில்லை. ஆனால் நான் எழுதியதை யார் வாசித்தாலும் அந்தச் சொல்லைத்தான் நினைப்பார்கள்.

அன்றே அலுவலகத்துக்கு ஓடினேன். துரை என் பேச்சை முழுவதும் கேட்டார். எழுதியதும் நீங்கள், இல்லையென்பதும் நீங்கள், இதில் எந்த உங்களை நான் நம்புவது என்றார். நியாயமான கேள்வி. இன்னும் ஒரு மீன் இருக்கிறது என்றேன். சரி, கங்காணியின் கண் முன்னால் அவளே செய்யட்டும், பொரித்தால் விசாரணை இல்லை, வெளுத்தால் நான் செய்வதைச் செய்வேன் என்றார்.

பெரியாயியிடம் வந்து சொன்னேன்.

“தொர நம்புறதுக்கா, லயம் நம்புறதுக்கா?” என்று கேட்டாள்.

“இரண்டுக்கும்.”

“ஐயா நம்புறீங்களா?”

“நம்புகிறேன்.”

கடைக்காரன் தராசைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். “நீங்கதானே லெட்டரு எழுதினீங்களாம். ஆபீசுல கேட்டுட்டு வந்து கணபதிண்ணன் சொன்னாரு.”

அவள் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு புதன்வரை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

புதன் விடியற்காலை கங்காணி வந்தார். அவரோடு லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், பெரட்டுக்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடையோடு வந்து வாசலில் நின்றார்கள். “கையில எதையும் வச்சிருக்காளான்னு பாருங்க கங்காணி” என்றாள் ஒருத்தி. பெரியாயி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அடுப்புத் தணலில் காயவைத்துக்கொண்டு வந்திருந்தாள், சிவந்திருந்தன. பேசினை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முந்தானையால் இன்னொரு முறை துடைத்தாள். இறகை உதறி, கங்காணியின் உள்ளங்கையில் தேய்த்து, “ஈரம் இருக்கா, சொல்லுங்க” என்றாள். அவர் இல்லையென்றார். கணபதியை ஆண் மீனோடு முன்கூட்டியே பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். தாய்மீனின் வயிற்றைத் துணியால் ஒற்றினாள்.

நான் மீனின் தலையைப் பிடித்துப் பேசினுக்கு மேலே சரித்தேன். அவள் வயிற்றில் கை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

“ஐயா, ஒங்க கையக் காட்டுங்க.”

“என் கைக்கு என்ன?”

“காட்டுங்களேன்.”

பெண்கள் சிரித்தார்கள். “ஐயாவையே சோதிக்கிறாடி!” என்று ஒருத்தி மற்றவளை இடித்தாள். கங்காணி, “ஏய், பாத்துப் பேசு” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். சுபஹ் தொழுகையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தேன். தொழுகைக்கு முன் ஒளு எடுக்கையில் முழங்கைவரை கழுவிய தண்ணீர், மடித்துவிட்ட சட்டைக் கையில் ஊறி நின்றது. முழங்கை நுனியில் ஒரு துளி திரண்டிருந்தது. அது விழுந்திருந்தால் மீனின் முதுகு வழியாக ஓடி நேரே பேசினுக்குள் போயிருக்கும்.

ஒவ்வொரு முறையும் விடியற்காலையில் அப்படித்தான் வந்திருக்கிறேன். முதல் மீனுக்கும் அப்படித்தான் வந்தேன். அன்று செத்த பாதியை யார் கொன்றது என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அவள் கை அன்று காய்ந்துதான் இருந்தது.

சட்டையைக் கழற்றி, கையைத் துடைத்தேன். கங்காணி, பெண்கள், கணபதி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையையும் அவள் தொட்டுப் பார்த்தாள், மீன் வயிற்றைத் தொடுவது போல. பிறகுதான் வழித்தாள். முட்டை இறங்கி முடியும் முன்பே கணபதி விந்தை விட்டான். காய்ந்த இறகால் நூறு எண்ணும்வரை கலக்கினாள். “இப்ப ஊத்துங்க” என்றாள். நான் தண்ணீரை ஊற்றினேன்.

மத்தியானம் கண்ணாடி. பின்னேரமும் கண்ணாடி. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெளுத்திருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

“ஊசி மருந்துதான் வேல செஞ்சிருக்கு” என்றாள் ஒருத்தி.

“மத்த மீனுக்கும் அதே ஊசிதானேடி போட்டது?” என்றாள் இன்னொருத்தி.

பெரியாயி தொட்டியை விட்டு நகரவில்லை. அன்று யாரையும் அவள் நம்பவில்லை. இரவு கொட்டகையிலேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் பின்னேரம் குஞ்சுகள் நூல் துண்டு போல நெளிந்து வெளியே வந்தபோது கங்காணியை அவளே போய்க் கூட்டிவந்தாள். பீலியில் இப்போது என் கையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கணபதி வந்து சொன்னான். அவனுக்குப் பேச ஏதோ ஒன்று வேண்டும்.

விசாரணை இல்லை, அவள் குளத்திலேயே இருக்கலாம் என்று துரை சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பெரியாயி நினைக்கவில்லை.

“ஐயா, அந்த லெட்டரு இன்னும் ஆபீசுலதானே இருக்கு?”

“துரைதான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே.”

“சொன்னாரு. எழுதினாரா?”

“இல்லை.”

“கெட்டது எழுத்துல இருக்கு, நல்லது வாயில இருக்கு. இந்தத் தொர மாறிப் போயிட்டா, வர்ற தொர எதைப் பாப்பாரு?”

நான் கடதாசியை எடுத்தேன்.

“இங்கிலீஷுல வேணாம். தமிழ்ல எழுதுங்க.”

சில தவிர்க்க முடியாத காரணங்களால் முட்டைகள் கெட்டன என்று தொடங்கி, எழுதியதை உரக்கப் படித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது என்ன காரணம்? ஈரம்னு எழுதுங்க. யாரு கை ஈரம்னும் எழுதுங்க.”

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பெரியாயி எதையும் கலக்கவில்லை. கையில் ஈரம் இருக்கக் கூடாது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கையில் ஈரம் இருந்தது. என் கையிலும் ஈரம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் அவள். முதல் கடிதத்தை நான் ஆராயாமல் எழுதினேன். கீழே கையெழுத்து வைத்தேன்: அ. வாஹித். படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கி நாலாக மடித்து, சேலையில் முடிந்துகொண்டாள்.

“நானே கொடுத்துவிடுகிறேனே” என்றேன்.

“நாளைக்குப் பாப்போம்” என்றாள்.

அன்று பின்னேரம் அவள் சந்திக் கடைக்கு இரண்டு மைல் நடந்து போயிருக்கிறாள். கடைக்காரர் பாறூக் நானா பிறகு என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். தாளை நீட்டி, இதில் என்ன இருக்கிறது, ஒரு எழுத்து விடாமல் வாசியுங்கள் என்றாளாம். வாசித்தாராம். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாளாம். “என்ன பெரியாயி, தொரமார் லெட்டரெல்லாம் ஒன் கைக்கு வருது? வாஹித் தம்பி மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டதற்கு, “ஒரு தடவ எழுதினவருதானே நானா” என்றாளாம்.

மறுநாள் காலை குளத்துக்கு வந்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா” என்றாள். தாளை என்னிடம் தரவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவளே அலுவலகத்துக்கு ஏறிப் போனாள். பெரிய கிளாக்கர் அதை வாங்கி, என் முதல் கடிதம் இருந்த கோப்பைத் தேடியெடுத்து, அதன் மேலேயே குத்தி வைக்கும்வரை வாசலை விட்டு நகரவில்லையாம். பத்து மணிக்குத் திரும்பி வந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு மீனுக்குப் புல் வெட்டப் போனாள்.